ஒன்பதாம் கொக்கி ஏன் காலியாக இருக்கிறது

பட்டறையின் பின் சுவரில், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒன்பதாம் கொக்கி காலியாகவே இருக்கும். அங்கே ஏன் எந்த சைக்கிளையும் மாட்டுவதில்லை என்று புதிதாகச் சேர்ந்த நீங்கள் கேட்டிருப்பீர்கள். "சரோஜாக்கா கண்டுபிடிச்சது" என்று பதில் வந்திருக்கும். அந்தச் சரோஜா நான்தான். பதில் பொய்யில்லை, ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னை, புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி முதலாளி மோகன் சார் கேட்டார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவு. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் நகர்ந்தால் அதிகம். "நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதித் தரேன்" என்றாள் பட்டறையின் முன் மேசை லில்லி. வேண்டாம் என்றுவிட்டேன். பிழை இருந்தால் இருக்கட்டும். இதை அவள் கையெழுத்தில் பார்க்க எனக்கு மனம் இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் ரப்பர் வளையம் மாட்டினேன். கம்பெனி ஆளைக் குறைத்தபோது என்னையும் குறைத்தது. அதன் பிறகுதான் தாம்பரத்தில் மோகன் சாரின் இந்தப் பட்டறைக்கு வந்தேன். வீல் பெண்டு எடுப்பதில் இந்தப் பக்கத்தில் எனக்கு இணை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். ஸ்போக்கை விரலால் தட்டினால் எது இறுக்கம், எது தளர்வு என்று எனக்குச் சத்தத்திலேயே தெரியும். விடிகாலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாகப் போகிறார்களே, அந்த சைக்கிள்காரர்கள் எல்லாம் என் மேசைக்கு முன்னால்தான் நின்றார்கள். டாக்டர் நின்றார், பேங்க் மேனேஜர் நின்றார். "அக்கா, உங்க கை பட்டாதான் திருப்தி" என்பார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் சாப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்தப் பெடல்கள் வந்தன. காலின் பலத்தை அளந்து எண்ணாகக் காட்டும் பெடல். ஹேண்டில் மேல் ஒரு சின்னத் திரை இருக்கும். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று பெடல் அதற்குச் சொல்லிக்கொண்டே வரும். உள்ளே பட்டன் மாதிரி பேட்டரி. மாதக்கணக்கில் வரவேண்டியது. பலருக்கு வரவில்லை.

முதல் தடவை ஒரு பேங்க்காரர் கொண்டுவந்தார். வாரத்துக்கு ஒரு பேட்டரி தின்கிறது என்றார். மோகன் சார் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இங்கிலீஷில் தேடினார். நான் மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து, விரலால் தடவிப் பார்த்தேன். வழவழ என்றிருந்தது. மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு யாரோ கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள். அது கசிந்து பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே படிந்துவிட்டது. ரப்பர் வளையத்தோடு பதினாறு வருடம் இருந்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? உலர்ந்த துணியால் துடைத்து, வளையத்துக்குப் பூசியும் பூசாததுமாகக் கொஞ்சம் தடவி மூடினேன். அதோடு சரியாயிற்று. பேட்டரியின் இரண்டு முகத்திலும் வெறும் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் போடவேண்டும் என்று நீங்கள் இன்று செய்கிறீர்களே, அது அன்று ஆரம்பித்தது.

ஒரு வருடம் பெடல் ராணி நான்தான். பிறகு லில்லி வந்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பது இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அப்பா, அம்மா இருவரும் சர்ச் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். போன் பழுது பார்க்கும் கடையில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவள். புதுப் பெடல்கள் போனோடு பேசும் வகை. அதைத் திறக்க என் விரல் போதாது, போனில் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மோகன் சார் அவளை மூன்று மாத சோதனையில் எடுத்தார். மூன்றாம் மாதக் கடைசி சனிக்கிழமை, இருப்பதா போவதா என்று சொல்வதாகப் பேச்சு.

முன் வாசலில், கண்ணாடிக்குப் பக்கத்தில் அவளுக்கு மேசை போட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளை விளக்கு. எனக்கு அந்த மாதிரி விளக்கு அத்தனை வருடத்தில் ஒருவரும் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்காமல் ஒன்று அவளுக்குக் கிடைத்ததுதான் எனக்குக் குத்தியது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அப்படி இல்லை. காலையில் வந்ததும் "அக்கா, டீ குடிச்சிட்டீங்களா?" என்று கேட்பாள். கேக் கொண்டுவந்தால் முதல் துண்டு எனக்கு. நான் சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் வறண்டு கீது" என்பேன்.

எல்லாம் கௌரி மேடத்தால் முற்றியது. காட்டாங்குளத்தூர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை. வீடு பீர்க்கன்கரணையில், ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே நிறுத்தியிருந்த பழைய சைக்கிள் ஒரு தடவை திருடு போனதால், புது சைக்கிளை நம் பட்டறையிலேயே விட்டிருந்தார். விடிகாலை வந்து எடுப்பார், ஓட்டி முடித்துக் கொண்டுவந்து மாட்டுவார், கல்லூரிக்குப் போவார். அவருடைய முதல் சைக்கிளிலிருந்து நான்தான் வீல் பார்த்தது. அவர் பின்னால் இருபது பேர் கொண்ட ஒரு சைக்கிள் கூட்டம். அவர் எங்கே போகிறாரோ அங்கேதான் அவர்களும்.

ஒரு திங்கட்கிழமை புதுப் பெடலோடு உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். நீட்டிய கையோடு நின்றேன் என்று கூடச் சொல்லலாம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் மேசையைத் தாண்டி, லில்லியிடம் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். நடுவில் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பற்றி இல்லை என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு என்னைப் பற்றித்தான்.

சைக்கிளை லில்லி தன் மேசைக்கு மேலே இரண்டாம் கொக்கியில் மாட்டினாள்.

மறுநாள் மோகன் சாரிடம் போனேன். "சார், வாசல்ல விக்கிற வண்டிதானே தொங்கணும்? அடுத்தவங்க வண்டிய தொங்கவிட்டா வர்றவங்க வெல கேக்க மாட்டாங்களா?" என்றேன். அவருக்கு ஆயிரம் வேலை. "சரிக்கா, நீங்க பாத்து மாத்திடுங்க" என்றார். பார்த்து மாற்றினேன். பின் சுவரில் என் மேசைக்குப் பக்கத்து ஒன்பதாம் கொக்கி. நான் நினைத்தது இவ்வளவுதான்: வண்டியை எடுக்கவும் வைக்கவும் கௌரி மேடம் தினமும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நம் பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த வண்டி எந்தக் கொக்கியில் என்று வேலை நோட்டில் எண் இருக்கவேண்டும். இடம் மாற்றினால் பழைய எண்ணை அடித்துப் புது எண் எழுதவேண்டும், மாற்றியவர் கையாலேயே. எனக்கு எண்கள் நன்றாக வரும். இரண்டை அடித்து ஒன்பது போட்டேன். என் ஒன்பதின் வால் நேராக இறங்காது, வலது பக்கம் சுழியும். சின்ன வயதில் அப்படிக் கை வந்துவிட்டது.

கௌரி மேடம் தினமும் "வணக்கம்க்கா" என்றார். நான் நிறைந்துபோனேன்.

பத்தாவது நாள், மறைமலை நகர் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய பெடல் செத்துப்போனது. திரையில் எண்ணே இல்லை. அவருடைய பயிற்சியாளர் வேறு ஊரில் இருக்கிறார். இவர் ஓட்டிய எண்களைப் பார்த்துத்தான் அடுத்த வாரப் பயிற்சியைச் சொல்வார். எண் இல்லையென்றால் அன்று ஓட்டியது ஓட்டாத மாதிரி. லில்லி புதுப் பேட்டரி போட்டாள். இன்னொரு பத்து நாள். மறுபடியும் செத்தது.

அந்தக் காலத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. லில்லி பெடலைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, கழுத்தைக் குனிந்தபடியே இருப்பாள். மலிவு பேட்டரியாக இருக்குமோ என்று வகையை மாற்றினாள். தகட்டைத் துடைத்தாள். மூடி தளர்வா, அதிக இறுக்கமா என்று பார்த்தாள். போன் வழியாகப் பெடலின் புரோகிராமைப் புதுப்பித்தாள். கிரீஸ் இருக்கிறதா என்றும் பார்த்தாள், என்னைக் கேட்டு. நானும் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"இன்னாமா லில்லி, படிச்ச பேட்டரி கூட செத்துப் பூடுதா?"

"அதாங்க்கா எனக்கும் புரியல. மேசையில வெச்சா சமத்தா இருக்கு."

"மேசையில யாரு வண்டி ஓட்டுறாங்க?"

இதைக் குத்தலுக்குத்தான் சொன்னேன். அதற்குள் விடை இருந்தது எனக்கே தெரியாது.

மூன்றாவது தடவையும் போனபோது கௌரி மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கத்த மாட்டார். மெதுவாகத்தான் பேசுவார், அது இன்னும் மோசம். "மோகன் சார், தப்பா நினைக்காதீங்க. வேளச்சேரி பக்கம் ஒரு கடை சொல்றாங்க. வர்ற வாரத்துலேர்ந்து வண்டிய அங்க விடலாம்னு பாக்கறேன்." அவரோடு இருபது பேரும் போவார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மோகன் சார் லில்லியைப் பின்பக்கம் கூப்பிட்டார். என் மேசை பின்பக்கம்தானே, எல்லாம் காதில் விழுந்தது.

"லில்லி, வாரா வாரம் நீங்களே சத்தமில்லாம புது பேட்டரி போட்டுடுங்க. அவங்களுக்குத் தெரியவேண்டாம். பிரச்சினை முடிஞ்சிடும் இல்ல?"

"அது ரிப்பேர் இல்ல சார். காரணம் தெரியாம மூடி வெக்கறது."

"காரணம் எப்பத் தெரியும்? சனிக்கிழமை உங்க மூணு மாசம் முடியுது. அதுக்குள்ள தெரிஞ்சா இருங்க. இல்லன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க."

"சரி சார்."

சோதனையில் இருக்கிறவள், முதலாளி முகத்துக்கு நேரே, இது ரிப்பேர் இல்லை என்றாள். அது நான் சொல்லியிருக்கவேண்டிய வாக்கியம். அத்தனை வருடம் அங்கே இருந்தும் அப்படி ஒன்று என் வாயிலிருந்து வந்ததில்லை. வேலை போகட்டும் என்று நான் மனதுக்குள் அவளைச் சபித்ததில் பாதி அந்த வாக்கியத்துக்காக.

வெள்ளிக்கிழமை காலை, லில்லி புதிதாக ஒன்று செய்தாள். வழக்கமாக சைக்கிளை இறக்கித் தன் மேசைக்குக் கொண்டுபோவாள். அன்று இறக்கவில்லை. ஒன்பதாம் கொக்கியில் தொங்கியபடியே இருக்க, ஹேண்டிலில் இருந்த சின்னத் திரையை மட்டும் எரியவிட்டாள்.

"இன்னா சினிமா ஓட்டப் போற?" என்றேன்.

"பெடல் முழிச்சிருந்தா இந்தப் பெடல் படம் பளிச்சுனு இருக்கும்க்கா. அசைவு இல்லாம கொஞ்ச நேரம் கிடந்தா அதுவே தூங்கிடும், படம் மங்கிடும். தூங்குதான்னு பாக்கலாம்னு."

"பாரு, பாரு. தாலாட்டு வேணும்னா பாடறேன்."

அவள் சிரித்தாள். கண் சிவந்திருந்தது.

அன்று பார்த்து மாதாந்தரப் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை கரண்ட் கிடையாது. படம் காலையிலேயே மங்கிவிட்டது. லில்லி பத்துத் தடவை வந்து பார்த்தாள். மங்கலாகவே இருந்தது. "நல்லாத்தானே தூங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு மணிக்கு மேல், பேட்டரி மொத்தமாக விற்கிறவரிடம் கேட்டுவருகிறேன் என்று தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மோகன் சார் மாடியில் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன், ஒரு பின் வீலோடு.

இரண்டு மணிக்கு கரண்ட் வந்தது. காற்று இறங்கிப்போயிருந்ததால் கம்ப்ரசர் தடதடவென்று எடுத்தது. நான் தலையைத் தூக்கினேன். ஒன்பதாம் கொக்கியில் படம் பளிச்சென்று எரிந்தது.

வீலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். கம்ப்ரசர் நகராமல் இருக்க அதை அந்தக் கொக்கி இருக்கும் இரும்புச் சட்டத்தின் காலோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். சட்டத்தில் உள்ளங்கையை வைத்தேன். இரும்பு முழுக்க நடுங்கியது. கையை மேலே கொண்டுபோனேன், கொக்கி நடுங்கியது. பெடலைத் தொட்டேன். அது கிடுகிடுவென்று, குளிர் காய்ச்சல்காரன் கை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் நின்றது. படம் மங்குவதற்குள் யாரோ வாசலில் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டார்கள். கம்ப்ரசர் மறுபடி எடுத்தது. படம் எரிந்தபடியே இருந்தது.

மறைமலை நகரில் எங்கள் லைனில் ஒரு சூப்பர்வைசர் அம்மா இருந்தார். ஒரு தடவை வளையங்கள் பொத்தல் பொத்தலாக வெடித்து வந்தன. எல்லோரும் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டிப் பார்த்தோம். அந்த அம்மா வளையத்தைத் தொடவே இல்லை. "நேத்து இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். தகரக் கூரைக்குக் கீழே, வெயிலில் இருந்தது. அதுதான் காரணம். அவரோடு எனக்கு அதிகம் பேச்சு கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி அன்று கம்ப்ரசர் சத்தத்தோடு சேர்ந்து காதில் கேட்டது.

இந்த வண்டி முன்னால் எங்கே இருந்தது? இரண்டாம் கொக்கியில். இங்கே கொண்டுவந்து மாட்டியது யார்?

ஸ்டூலில் உட்கார்ந்தேன். உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த உட்கார்ந்த நேரத்தைத்தான். மூன்று வழி இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம், நாளை லில்லி போய்விடுவாள். ஒரு மாதமாக நான் கேட்டது அதைத்தானே. ஆனால் விடை என் மடியில் இருக்கும்போது, ஊமையாக இருந்து, கௌரி மேடம் வேளச்சேரிக்குப் போவதைப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் சத்தமில்லாமல் வண்டியைப் பழைய கொக்கிக்கு மாற்றிவிடலாம். பெடல் சரியாகிவிடும். ஆனால் ஊர் என்ன சொல்லும்? லில்லி சரி செய்தாள் என்று சொல்லும். நான் கண்டுபிடித்ததற்கு அவளுக்கு மாலை விழும். அதை நினைத்தபோதுதான் எனக்கு நெஞ்சு எரிந்தது. அவள் வேலை போவதைக்கூடத் தாங்குவேன் போலிருந்தது, இதைத் தாங்க முடியவில்லை.

ஆகவே மூன்றாவது வழி: எல்லோர் முன்னாலும் நானே காரணத்தைச் சொல்லிவிடுவது. நல்ல மனசால் உண்மையைச் சொன்னேன் என்று யாரும் நினைக்காதீர்கள். பொறாமைதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

நான்கு மணிக்குக் கௌரி மேடம் கல்லூரியிலிருந்து வந்தார், மறுநாள் வண்டியை எடுத்துப்போகும் பேச்சோடு. மோகன் சார் இறங்கி வந்தார். லில்லியும் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். எல்லோரும் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, கம்ப்ரசரின் காற்றை நானே திறந்துவிட்டேன். அது தடதடவென்று எடுத்தது.

"மேடம், இப்படி வாங்க. சட்டத்துல கைய வைங்க. இப்ப திரையப் பாருங்க."

கௌரி மேடம் கையை வைத்தார். திரையைப் பார்த்தார். கம்ப்ரசரைப் பார்த்தார். "ஐயோ!" என்று சிரித்துவிட்டார். "பகல் பூரா இத ஒருத்தர் உலுக்கி உலுக்கி எழுப்பிக்கிட்டே இருந்திருக்காங்க!"

"அதான் மேடம். தூங்கவே வுடல. மேசைக்குக் கொண்டுபோனா நடுக்கம் இல்ல, தூங்கிடுது. அதான் அவளுக்குப் புலப்படல."

அவளுக்கு என்ற வார்த்தையை நான் அழுத்தித்தான் சொன்னேன்.

கௌரி மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கடைசில நம்ம அக்கா கைதான்!" என்றார். அந்த வார்த்தைக்கு நான் ஒரு மாதம் பட்டினி கிடந்தேன். வயிறு நிரம்ப வாங்கிக்கொண்டேன்.

மோகன் சார் என்னைப் பார்த்தார், பிறகு லில்லியைப் பார்த்தார். "ஒரு மாசம் போனோட உக்காந்தும் தெரியல. அக்கா கைய வெச்சு சொல்லிட்டாங்க" என்றார். "லில்லி, அப்ப... நமக்கு அக்காவே போதும் போலிருக்கே."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, ஒன்றுகூடக் குறையாமல் வந்தது.

லில்லி அலமாரியிலிருந்து வேலை நோட்டை எடுத்தாள். அவள் புத்தி அப்படி. காரணம் தெரிந்தால் போதாது, எப்போது ஆரம்பித்தது என்று பார்ப்பாள். பக்கத்தைத் திருப்பினாள். கௌரி மேடத்தின் வண்டி. இரண்டு அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் வலது பக்கம் சுழித்த வாலோடு ஒரு ஒன்பது. அதற்குக் கீழே பத்தாவது நாள் முதல் பேட்டரி செத்த குறிப்பு, அவள் கையெழுத்தில்.

அவள் விரல் அந்த ஒன்பதின் மேல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்தது அவ்வளவு நேரம் இருக்காது. இப்போது சொல்வாள், கௌரி மேடம் முன்னால் சொல்வாள், சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நோட்டை உயர்த்திக் காட்டியிருப்பேன்.

அவள் நோட்டை மூடினாள்.

"ஆமா சார். அக்காதான் கண்டுபிடிச்சாங்க. எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எவ்வளவு திமிர் இருந்தால் ஒருத்தி இப்படி மூடுவாள்? கையில் கல் இருந்தும் எறியாமல் கீழே வைக்கிறாள். என்னைவிடச் சின்னவள், நேற்று வந்தவள், என்னை மன்னித்துவிட்டுப் போகப் பார்க்கிறாள். அப்படிப் போகவிட்டால் ஆயுசுக்கும் நான் அவளுக்குக் கீழேதான்.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்தத் திரைய எரிய வுட்டது யாரு? நானா? எனக்கு அத ஆன் பண்ணவே தெரியாது. பெடல் முழிச்சா படம் எரியும்னு சொன்னதும் அவதான். அவ பாதி வழி கொண்டாந்து வுட்டா, மீதிய நான் நடந்தேன். அவள அனுப்பினா நாளைக்கு நான் எத்தப் பாத்து சொல்றது?"

"நீங்கதானேக்கா அவங்கள..." என்று மோகன் சார் இழுத்தார். நான் அவளைப் பற்றி ஒரு மாதம் அவர் காதில் ஓதியது அவருக்கு நினைவிருந்தது.

"நான் ஆயிரம் சொல்லுவேன். இது வேற" என்றேன்.

கௌரி மேடம்தான் முடித்து வைத்தார். "ரெண்டு பேரும் இருக்கட்டும் சார். என் வண்டியும் இங்கயே இருக்கட்டும்."

வண்டியை லில்லியே இறக்கி இரண்டாம் கொக்கியில் மாட்டினாள். நோட்டில் ஒன்பதை அடித்து இரண்டு எழுதினாள். அந்தப் பேட்டரி மழைக்காலம் முழுவதும் வந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி சீக்கிரம் போகிறது என்று ஒருவர் வந்தால், முதலில் பேட்டரி வகை, தகட்டுச் சுத்தம், மூடி இறுக்கம், இதெல்லாம் பாருங்கள். அதற்குப் பிறகும் போனால், பெடலைப் பிரிக்காதீர்கள். வண்டி ஓடாத நேரத்தில் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். கார் டிக்கியிலா, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்திலா, ரயில் போனால் அதிரும் சுவரிலா. உங்கள் மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அது நிற்கும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். கடைசியாக, அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று கேளுங்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

கௌரி மேடம் அதற்குப் பிறகும் பெடலுக்கு லில்லியிடம்தான் போனார். வீலுக்கு என்னிடம் வந்தார். நான் இரண்டையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். லில்லியிடம் போனது அதிகம்.

ஒன்பதாம் கொக்கியைக் காலியாக வைக்கச் சொன்னது நான் இல்லை, லில்லி. புதிதாக வருகிறவர் கேட்கும்போதெல்லாம், "அது சரோஜாக்கா கண்டுபிடிச்சது, ஒரே தொடல்ல சொல்லிட்டாங்க" என்று அவள்தான் சொல்வாள். நான் பக்கத்து மேசையில் வீலைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட அவள் குரலில் வேறு அர்த்தம் இருந்ததில்லை. இருக்கிறதா என்று நான் எவ்வளவோ உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு நாளாவது குத்திக் காட்டியிருந்தால், சண்டை போட்டு, அழுது, தீர்த்திருப்பேன்.

அந்த வருடத்து வேலை நோட்டு இன்னும் அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை கையில் எடுத்தேன். ஓய்வு பெற்ற அன்றும் எடுத்தேன். பக்கத்தின் ஓரம் மடங்காமல் இருக்க யாரோ ஒரு கனத்த அட்டையை வைத்து, நோட்டுக்கு மேலுறையும் போட்டிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அப்படியே வைத்துவிட்டேன்.

நீங்கள் எடுத்துப் பாருங்கள். வலது பக்கம் வால் சுழித்த ஒன்பது. அது என் கையெழுத்து.